ஐப்பசி, கார்த்திகையில் சைக்கிள்: சென்னை மழைக்காலச் சவாரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்ததும் சென்னையில் பாதி சைக்கிள்கள் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். மழை விடட்டும், தை மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். தையில் எடுக்கும்போது செயின் சிவந்திருக்கும், டயர் தரையோடு ஒட்டியிருக்கும், ஓட்டுகிறவருக்கும் அடையாறு பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். எனக்கோ வருடத்தில் இந்த இரண்டு மாதங்கள்தான் சைக்கிளுக்கே உரியவை. வெயில் தாழ்ந்திருக்கும், ஏரிகள் நிரம்பியிருக்கும், காலை ஏழு மணிக்குக்கூடச் சாலை சூடாக இருக்காது.

ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றார்கள். மேலை நாடுகளில் மரங்கள் இலை உதிர்க்கும் அதே மாதங்கள். இங்கே உதிர்வது மரமல்லிப் பூ. அடையாறிலும் பெசன்ட் நகரிலும் மழை பெய்த மறுநாள் காலையில் தெருவெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அழகுதான். ஆனால் ஈரத்தில் மசிந்த மரமல்லி, வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கும். அதை நான் தெரிந்துகொண்ட விதத்தைக் கீழே சொல்கிறேன்.

பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்காக இதை எழுதவில்லை. வாரம் ஒன்றிரண்டு காலை, நாற்பது ஐம்பது கிலோமீட்டர், ஆசைக்காக ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மழைக்காலச் சவாரி வாசலில் வந்து இறங்கியதும் முடிவதில்லை. அதற்குப் பிறகு இருபது நிமிடம் வேண்டும். சைக்கிளுக்குப் பத்து, உடம்புக்குப் பத்து. அந்த இருபது நிமிடத்தைத் தரத் தயாரென்றால் மழைக்காலம் முழுக்க ஓட்டலாம்.

முதல் மழைக்கு முன்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆகவே புரட்டாசிக் கடைசி வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

முதலில் மட்கார்டு. கியர் சைக்கிள் வாங்குகிறவர்கள் பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது கடையிலேயே வேண்டாம் என்கிறார்கள். மழையில் முன் சக்கரம் வாரியடிக்கும் மணல்நீர் நேராகப் போவது செயினுக்கும், பெடல் அச்சுக்கும், உங்கள் ஷூவுக்கும்தான். பின் சக்கரத்தின் சேறு முதுகுத்தண்டில் கோடு போடும். முழு நீள மட்கார்டு மாட்ட ஓட்டை இல்லாத ரோட் பைக் என்றால், ரப்பர் பட்டையால் கட்டும் பிளாஸ்டிக் மட்கார்டு போதும். இதற்குச் செலவழிக்கும் பணம் செயினில் மிச்சமாகும்.

அடுத்தது டயர். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, டயரைச் சுற்றிலும் விரலால் அழுத்தி விரித்துப் பாருங்கள். சின்ன வெட்டுகளில் கண்ணாடித்துண்டும் கருங்கல் பொடியும் ஒளிந்திருக்கும். ஊசி முனையால் எடுத்துவிடுங்கள். வெட்டுக்குள் நூலிழை தெரிந்தால் அந்த டயரை மழைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். மழையில் பஞ்சர் கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. ஓடும் தண்ணீர் கூர்மையானதை எல்லாம் சாலையோரத்துக்கு அடித்துக்கொண்டு வந்து சேர்க்கிறது. ஈர ரப்பரில் அது எண்ணெய் தடவிய கத்திபோல எளிதாக இறங்குகிறது. செங்கல்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்குச் சீமைக் கருவேல முள்ளும் சேர்ந்துகொள்ளும்.

காற்று அழுத்தத்தை வெயில் காலத்தைவிட ஐந்து முதல் பத்து பிஎஸ்ஐ குறையுங்கள். 28 மி.மீ. டயரில் எழுபது கிலோ எடையுள்ளவர் 80 வைத்து ஓட்டுகிறார் என்றால் 70-க்கு இறக்கலாம். டயர் கொஞ்சம் அதிகமாகத் தரையைப் பிடிக்கும். அதற்குக் கீழே போனால் குழியில் இறங்கும்போது ரிம் ட்யூபைக் கடித்து, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை போட்டுவிடும்.

பிரேக் கட்டையில் பள்ளக்கோடு இருக்கும். அது மறைந்திருந்தால் மாற்றுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேடில் உராயும் பகுதி அரை மி.மீ. தடிமனுக்கு வந்துவிட்டாலே மாற்ற வேண்டியதுதான். மழை மண்ணில் பேட் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். ரெசின் பேட் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு மட்டும் உலோகத்தூள் கலந்த சின்டர்டு பேடுக்கு மாறலாம். கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் நாள் வரும். மாறுவதற்கு முன் உங்கள் டிஸ்க்கில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தால் மாற்ற வேண்டாம்.

கடைசியாக சீட் கம்பி. அதை வெளியே உருவி, துடைத்து, கிரீஸ் தடவி மறுபடி செருகுங்கள். ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்தால் இரண்டே மாதத்தில் அது ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும். உருவும் முன் உயரத்தை இன்சுலேஷன் டேப்பால் அடையாளம் வைக்க மறக்காதீர்கள். கார்பன் கம்பியாக இருந்தால் கிரீஸ் கூடாது, அதற்கென்று விற்கும் பேஸ்ட்தான்.

முந்தின இரவு

கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு குணம் உண்டு. பின்னிரவிலும் விடியற்காலையிலும் கொட்டும், ஒன்பது மணிக்கு வெயில் அடிக்கும். அதனால் ஐந்து மணி அலாரம்தான் சரி என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படத்தைத் திறந்து, வங்கக்கடலில் இருந்து மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் கிளம்பினாலே பல நாள் நனையாமல் வந்துவிடலாம்.

முன்னறிவிப்பில் வரும் சொற்களுக்கும் அளவு இருக்கிறது. ‘கனமழை’ என்றால் ஒரு நாளில் 6.45 செ.மீ.க்கு மேல், ‘மிக கனமழை’ என்றால் 11.56 செ.மீ.க்கு மேல், ‘அதி கனமழை’ என்றால் 20.44 செ.மீ.க்கு மேல். என் கணக்கு எளிது. கனமழை என்றால் வீட்டைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர். மிக கனமழை என்றால் அன்று சைக்கிள் துடைக்கிற நாள். தூறலுக்குப் பயப்பட வேண்டாம். இடிக்குப் பயப்படுங்கள். இடிச்சத்தம் கேட்டால் கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துதான் கிளம்ப வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். ஐப்பசித் தொடக்கத்தில் ஆறு மணிக்கு விடிந்துவிடும். மார்கழி நெருங்கும்போது 6.20 ஆகிவிடும். மேகம் கவிந்த நாளில் இன்னும் கால் மணி நேரம் இருட்டாகவே இருக்கும். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, இரண்டும் சவாரி முழுக்க எரியட்டும். மழைக்கோட்டு எந்த நிறமானாலும் சரி, கறுப்பும் சாம்பலும் மட்டும் வேண்டாம். லாரி ஓட்டுநருக்கு மழையில் அந்த இரண்டும் தார்ச்சாலையோடு சேர்ந்துவிடும்.

பையில் இரண்டு ட்யூப், டயர் கழற்றும் லீவர், கைப் பம்ப், ஒட்டுப் பெட்டி, உலர்ந்த துணி, போனுக்கு ஜிப் கவர், ஒரு சின்ன சோப்புத் துண்டு. சோப்பு எதற்கு என்று பிறகு தெரியும். ட்யூபை ஒட்டுவதைவிட மாற்றிவிடுவது மழையில் நல்லது, ஏனென்றால் ஈரத்தில் சொல்யூஷன் பிடிக்காது. மாற்றும் முன் டயரின் உட்புறத்தை அந்தத் துணியால் சுற்றிலும் துடையுங்கள். முள் இருந்தால் துணி மாட்டும். வெறும் விரலை விட்டால் விரல் மாட்டும்.

எந்தப் பக்கம் போவது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) இந்த மாதங்களில் பலர் செய்யும் தவறு, காற்றை மறப்பது. திருவான்மியூரில் இருந்து தெற்கே கிளம்பும்போது வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளும். முட்டுக்காடு சுமார் இருபது கிலோமீட்டர், வேர்வையே வராமல் வந்துவிடும். இன்றைக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மாமல்லபுரமே போய்விடலாம் என்று தோன்றும். அங்கே திரும்பியதும் அதே காற்று முகத்தில் அடிக்கும். விடியற்காலையில் மெதுவாக இருந்தது எட்டு மணிக்கு மேல் கடற்காற்றும் சேர்ந்து ஏறியிருக்கும். நாற்பத்தைந்து கிலோமீட்டர் அதை எதிர்த்து மிதிப்பதில்தான் முழங்கால் வலி, கை மரப்பு எல்லாம் தொடங்குகின்றன.

அதனால் நான் வைத்திருக்கும் விதி: தெற்கே போகும்போது கால் எவ்வளவு லேசாக இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் திரும்ப வேண்டும். மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்ட நினைத்தால் இருபதிலேயே திரும்பிவிடுங்கள். மிச்சப் பத்தை வீட்டருகே சுற்றிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள். கியரை இரண்டு பல் இளக்கி, கால் சுழற்சி அதே தாளத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முட்டுக்காடு பாலத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கோடையில் மணல்திட்டு அடைத்து வைத்திருக்கும் முகத்துவாரம் இந்த மழையில்தான் உடைந்து திறக்கும். செம்மண் நிறத்தில் உள்நீர் ஒருபக்கமும் கடல்நீர் ஒருபக்கமும் முட்டிக்கொள்வதை வேறு எந்த மாதத்திலும் இப்படிப் பார்க்க முடியாது.

கார்த்திகையில் ஒரு நாளாவது வேடந்தாங்கல் போக வேண்டும். சென்னையில் இருந்து சைக்கிளிலேயே போய்த் திரும்ப வேண்டியதில்லை. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு வரை போய், அங்கிருந்து படாளம் வழியாக ஓட்டினால் ஒரு பக்கம் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். படாளம் வரை தேசிய நெடுஞ்சாலை, ஓரத்தை விட்டு உள்ளே வராதீர்கள். அங்கே திரும்பியதும் வயலும் ஏரிக்கரையுமாகச் சாலை மாறிவிடும். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டியிருக்கும். எச்சம் விழும் ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அறிந்து, அந்த ஊர்க்காரர்கள் இருநூறு ஆண்டுக்கும் மேலாக இந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இந்த ஏரியும் சேர்ந்தது. கரையில் மணி அடிக்காதீர்கள், பறவை எழும்.

ஈரச் சாலையில்

முக்கால்வாசிப் பேர் விழுவது வேகத்தால் இல்லை, திருப்பத்தில் பிரேக் பிடிப்பதால். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்ட பிறகு திரும்புங்கள். ரிம் பிரேக் என்றால் முதல் ஒரு சுற்றுக்குக் கட்டை தண்ணீரைத் துடைக்க மட்டுமே செய்யும், பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டுத் துடைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இணைப்புத் தகடு, உதிர்ந்த பூ. இந்த நான்கின் மேலும் சைக்கிள் நிமிர்ந்தே போகட்டும். அங்கே திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. தண்ணீர் தேங்கிய இடத்தில் அடி தெரியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலை தவிர மற்ற இடங்களில், சாலையோரமாகவே போக வேண்டும் என்ற பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். ஓரத்தில்தான் மணலும் கண்ணாடியும் குழியும். வாகனங்கள் பார்த்து ஒதுங்கும்படி ஓரத்தில் இருந்து இரண்டரை, மூன்று அடி உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுங்கள்.

இன்னொன்று: மாதக்கணக்கில் மழை இல்லாமல் இருந்து முதன்முதலாகப் பெய்யும் தூறல்தான் எல்லாவற்றிலும் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து பசைபோல ஆகும். நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகு பிடிப்பு ஓரளவு திரும்பிவிடும்.

சைக்கிளுக்குப் பத்து நிமிடம்

ஈ.சி.ஆர். போய் வந்த செயினைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, அரைத்த எள்ளுப்போல ஒரு பசை உருளைகளுக்கு இடையில் அடைந்திருக்கும். விரலில் தேய்த்தால் மணல் நெறநெறவென்று உறுத்தும். எண்ணெயும் மணலும் கலந்தால் அது உப்புத்தாள். ஒவ்வொரு மிதிக்கும் பல்லை அராவிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனால், மறுநாள் காலையில் கண்ணிகளின் வெளித்தகட்டில் மஞ்சள்தூள் தெளித்ததுபோலத் துரு பூத்திருக்கும். கடற்கரைக் காற்றில் ஒரே இரவு போதும்.

வாசலில் இறங்கியதும், காபி போடும் முன்பே, இதைச் செய்யுங்கள்.

ஒன்று, ஒரு வாளி தண்ணீர், ஒரு மக்கு. ஃபிரேம், ரிம், பிரேக், செயின் எல்லாவற்றின் மேலும் மெதுவாக ஊற்றி மண்ணை இறக்குங்கள். கார் கழுவும் வேகக் குழாய் வேண்டாம். அது கிரீஸைத் தள்ளிவிட்டுத் தண்ணீரை பால்ரஸுக்குள் ஏற்றிவிடும்.

இரண்டு, பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாக முப்பது சுற்று சுற்றுங்கள். துணி கறுக்கக் கறுக்க இடத்தை மாற்றிப் பிடியுங்கள்.

மூன்று, பிரேக் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். ரப்பரில் மின்னும் புள்ளி தெரிந்தால் அது ரிம்மில் இருந்து செதுக்கிய அலுமினியம். ஊசியால் தோண்டி எடுக்காவிட்டால் அடுத்த சவாரியில் அது ரிம்மையே கீறும்.

நான்கு, சைக்கிளைத் தலைகீழாகவோ செங்குத்தாகவோ ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். சீட் குழாய் வழியாக உள்ளே போன தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டிஸ்க்கில் ஹைட்ராலிக் பிரேக் இருந்தால் தலைகீழாக வேண்டாம், முன் சக்கரத்தைத் தூக்கிச் சாய்த்து வைத்தால் போதும்.

ஐந்தாவதாகத்தான் எண்ணெய். செயின் உலர்ந்த பிறகு, மாலையில்கூடப் போடலாம். ஒவ்வொரு உருளையின் மேலும் ஒரே ஒரு சொட்டு. மழைக்காலத்துக்கு ‘வெட் லூப்’ என்று விற்கும் ஈரநாள் செயின் எண்ணெய்தான், உலர்நாள் மெழுகு எண்ணெய் முதல் மழையிலேயே போய்விடும். பெடலைப் பத்து சுற்று சுற்றி, கால் மணி நேரம் விட்டு, வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள். வெளியே பளபளப்பது மணலைப் பிடிக்கும் பசை.

தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் போட வேண்டாம், கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்குச் சரி, அடுத்த மழை வரைக்கும் தாங்கும். மண்ணெண்ணெய் செயின் கழுவ நல்லதுதான். ஆனால் செயினைக் கழற்றி டப்பாவில் போட்டுக் கழுவுங்கள். சக்கர அச்சில் சொட்டினால் கிரீஸைக் கரைக்கும். டிஸ்க்கில் ஒரு துளி பட்டால்கூட பேடை மாற்ற வேண்டி வரும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செயினை அளங்கள். இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக விழும். அந்தப் பின் 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் தள்ளிவிட்டால் பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டும் தேய்ந்துபோயிருக்கும், செலவு பல மடங்காகும்.

உடம்புக்குப் பத்து நிமிடம்

மூன்று வருடத்துக்கு முன், ஒரு கார்த்திகைக் காலையில், பெசன்ட் நகரில் ஒரு தெருமுனையில் திரும்பினேன். வேகம் பதினைந்துதான் இருக்கும். வெள்ளைக் கோட்டின் மேல் மரமல்லிப் பூ மசிந்து கிடந்தது. முன் சக்கரம் இடப்பக்கம் போனது, நான் இடது கையை ஊன்றினேன். முழங்கால் சிராய்த்து, மணல் ஒட்டி, ரத்தம் மெல்லக் கசிந்தது. பார்க்கப் பயமாக இருந்தது முழங்கால். உண்மையில் பார்க்க வேண்டியிருந்தது மணிக்கட்டு.

சிராய்ப்புக்குச் செய்ய வேண்டியதும் செயினுக்குச் செய்ததேதான்: முதலில் கழுவு, அப்புறம் தடவு. ஓடும் சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். பையில் சோப்பு வைக்கச் சொன்னது இதற்கும்தான். எரியும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் மணலை ஈரக் காஸ் துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். உள்ளேயே விட்டால் தோல் மூடிய பிறகு பச்சை குத்தியதுபோலக் கறுப்பாக நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆழமாகப் பதிந்த கல்லை மருத்துவர் எடுக்கட்டும்.

மஞ்சள்தூள், காபித்தூள், இங்க் எதுவும் வேண்டாம். பாட்டி அன்போடு கொண்டுவந்து நின்றாலும் வேண்டாம், திரும்பக் கழுவி எடுப்பதற்குள் புண் இன்னும் பெரிதாகும். வெள்ளை வாசலினை மெல்லிதாகப் பூசி, மருந்துக்கடையில் பாரபின் காஸ் என்று கேட்டு வாங்கி மூடிக் கட்டுங்கள். தினமும் மாற்றுங்கள். காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பது தவறு. ஈரப்பதத்தோடு மூடி வைத்த சிராய்ப்புதான் சீக்கிரம் ஆறும், பொருக்கும் குறையும். சாலை மண் பட்ட காயம் என்பதால், கடைசியாக டி.டி. ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

திறந்த புண்ணோடு தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த வெள்ளநீரால் எலிக்காய்ச்சல் வரும். அப்படிக் கால் வைக்க நேர்ந்து, அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். மருத்துவரிடம் வெள்ளநீரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல்தான் அவரைச் சரியான பரிசோதனைக்கு அழைத்துப்போகும்.

இப்போது மணிக்கட்டு. கையை ஊன்றி விழுந்தால் இதைச் செய்து பாருங்கள். கட்டைவிரலை மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, நரம்புபோல இரண்டு தசைநாண் புடைத்து நடுவில் ஒரு சின்னக் குழி விழும். மற்றொரு கை விரலால் அந்தக் குழியை அழுத்துங்கள். அங்கே கூர்மையாக வலித்தால், வீக்கம் இல்லாவிட்டாலும், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அந்தக் குழிக்குக் கீழே இருக்கும் படகு வடிவ எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. விரிசலைக் கவனிக்காமல் விட்டால் சேராமலே போகக்கூடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். எனக்கும் முதல் படத்தில் ஒன்றும் இல்லை. மருத்துவர் ஆனாலும் கட்டுப் போட்டு, பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். அதில் மயிரிழைபோல ஒரு கோடு. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் நீவியிருந்தால் இன்று அந்தக் கையால் பிரேக் பிடித்திருக்க மாட்டேன். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் அந்தக் குழியை மறக்க வேண்டாம்.

தலை தரையில் பட்டிருந்தால், ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் நசுங்கும். வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் 108.

விழாத நாளிலும் அந்தப் பத்து நிமிடம் தேவை. ஈர ஷார்ட்ஸோடு உட்கார்ந்து டிபன் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள். உடனே கழற்றி, குளித்து, தொடை இடுக்கை நன்றாகத் துவட்டுங்கள். சீட் உரசிய இடத்தில் சிவந்திருந்தால் இரண்டு நாள் ஓட்டாமல் இருந்தாலே ஆறிவிடும். வளையமாக, ஓரம் தடித்து, அரிப்போடு இருந்தால் அது படர்தாமரை. கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் கிரீம் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அடங்கியதுபோல இருக்கும், பிறகு இரட்டிப்பாகத் திரும்பும். தோல் மருத்துவரிடம் போங்கள்.

மெல்ல வரும் வலிகள்

முழங்காலுக்கு முன்புறம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். பின்புறம் என்றால் உயர்ந்திருக்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. மாற்றும்போது ஐந்து மி.மீ.க்கு மேல் ஒரே தடவையில் மாற்றாதீர்கள். மழைக்காலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஈரத்தில் சீட் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி இறங்கும். புரட்டாசியில் ஒட்டிய டேப் அதைக் காட்டிக்கொடுக்கும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், எதிர்க்காற்றில் ஹேண்டில்பார் மேல் சாய்ந்து உள்ளங்கையின் வெளியோர நரம்பை நெரித்திருக்கிறீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள், முழங்கையை லேசாக மடக்கியே வையுங்கள். மறுநாளும் மரப்பு போகவில்லை என்றால் ஒரு வாரம் ஓய்வு.

நாய்

மழையில் ஒதுங்க இடம் இல்லாத தெருநாய்கள் கடையோரங்களில் கூட்டமாக இருக்கும், விடியற்காலையில் சைக்கிளைத் துரத்தும். வேகமெடுத்துத் தப்பப் பார்ப்பது ஈரச் சாலையில் ஆபத்து. நின்று, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து மெதுவாக நகருங்கள். பெரும்பாலும் ஓட்டம் நின்றதும் அதற்கும் ஆர்வம் நின்றுவிடும்.

கடித்தாலோ, பல் பட்டுத் தோல் கீறினாலோ, உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் நினைப்பதைவிட நீளம். கட்டுப் போட வேண்டாம். அன்றைக்கே ஊசி. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும், மறக்காமல் கேளுங்கள். அடுத்தடுத்த தேதிகளை எழுதி வாங்கி, ஒன்றையும் விடாமல் போட்டு முடியுங்கள்.

மார்கழி பிறந்ததும்

மழை ஓய்ந்ததும் சைக்கிளை ஓவராயிலுக்குக் கொடுங்கள். வருடத்தில் ஒருமுறைதான் கொடுக்க முடியும் என்றால், மழைக்கு முன்னால் வேண்டாம், இப்போது கொடுங்கள். கடைக்காரரிடம் நான்கு விஷயங்களைச் சொல்லி விடுங்கள்: இரண்டு சக்கர அச்சையும் திறந்து பழைய கிரீஸைத் துடைத்து எடுக்க வேண்டும், பால்ரஸ் குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும், ஹேண்டில் கழுத்தின் அடிப்பக்க பேரிங்கைப் பார்க்க வேண்டும், சக்கரக் கோட்டம் எடுக்க வேண்டும். கழுத்தின் அடி பேரிங்கைப் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. முன் சக்கரம் அடித்த தண்ணீர் முழுக்க அங்கேதான் போய்த் தங்கியிருக்கும். கழற்றும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். துருநீர் ஒழுகினால், அடுத்த புரட்டாசியில் முன் மட்கார்டின் நுனியில் கையகல ரப்பர் ஒன்று வெட்டித் தொங்கவிடுங்கள். பழைய ட்யூப் துண்டே போதும்.